திறக்காத சிப்பி: கொண்டச்சி ஏலமும் எங்கட ஸ்க்ரோலும்

மன்னாரிலிருந்து புத்தளம் போற பழைய பாதையில் அரிப்பு, சிலாவத்துறை தாண்டித் தெற்கே வந்தால் கொண்டச்சி. இன்றைக்குப் போனால் வெயில், மணல், பற்றை, குடாக்கடல், கொஞ்சம் வீடுகள். இருநூறு வருடங்களுக்கு முன்னர் இந்தக் கரையைப் பற்றி ஐரோப்பாவில் புத்தகம் எழுதினார்கள் என்று சொன்னால் கனபேர் நம்பமாட்டார்கள். 1803 இல் ரொபர்ட் பெர்சிவலும், 1807 இல் ஜேம்ஸ் கோர்டினரும் இலங்கை பற்றி வெளியிட்ட நூல்களில் கொண்டச்சிக் குடாவுக்குத் தனி இடம் உண்டு. காரணம் முத்துக்குளிப்பு. பழைய தமிழில் இதற்குச் சலாபம் என்று பேர். சிலாவத்துறை என்ற பேரே சலாபத்துறையிலிருந்து வந்தது என்பார்கள்.

முத்துக்குளிப்பு என்றதும் எங்கட மனதில் வருவது சுழியோடிகளும் ராணிகளின் கழுத்துமாலையும்தான். இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்க வந்தது வேறொன்று: கரையில் நடந்த ஏலம். இணையத்துக்கு அடிமையாதல் என்று இன்றைக்குச் சொல்கிற விஷயத்தை விளங்கிக்கொள்ள, இந்த ஏலத்தைவிட நல்ல பாடம் எங்கட ஊர்ப்பக்கத்தில் கிடைக்காது என்று நினைக்கிறோம்.

கரையில் என்ன நடந்தது

பொதுவாக மாசி, பங்குனி அளவில் கடல் அமைதியாக இருக்கும். அப்போது வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பரவர்களும் முஸ்லிம்களும் வருவார்கள். அரபிச் சுழியோடிகள், வியாபாரிகள், வட்டிக்குக் கொடுப்பவர்கள், வித்தை காட்டுபவர்கள், பிச்சைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் சனம் சேரும். இரவில் வெடி போடுவார்கள். தரைக்காற்றில் வள்ளங்கள் பாருக்குப் போகும். பார் என்பது கடலடியில் சிப்பிகள் படிந்திருக்கும் திட்டு. பெரிய பார், செவ்வல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கு. சுழியோடி கல் கட்டிய கயிற்றைக் காலால் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கி, கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் தூக்குவார். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை இப்படி இறங்கினார்கள் என்கிறார் பெர்சிவல்.

பின்னேரம் கடற்காற்றோடு வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். சிப்பிகளை எண்ணிப் பிரிக்கும் அடைப்புக்குக் கொட்டு என்று பேர். அரசு நேரடியாக நடத்திய பிற்காலக் குளிப்புகளில், ஒவ்வொரு வள்ளத்தின் சிப்பியையும் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் இரண்டு எதுவென்று அதிகாரிதான் தெரிவு செய்வார். ஆகவே மூன்றையும் சமமாகப் பிரிப்பதுதான் குளித்தவர்களுக்கு நல்லது. பின்னர் பெரிய எழுத்தாளராகப் பேர் பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1906 இல் இளம் அதிகாரியாக மரிச்சுக்கட்டியில் பார்த்த வேலை இதுதான்.

அதன் பிறகு ஏலம் தொடங்கும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை கேட்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, *சிப்பியைத் திறக்காமலே விற்றார்கள்*. உள்ளே முத்து இருக்குதா, இருந்தால் கடுகளவா கடலையளவா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. குளித்தவர்கள் தங்கட பங்கைச் சின்னத் தொகையாகவும் விற்றார்கள். ஆகவே கையில் சில்லறை உள்ளவனும் அதிர்ஷ்டம் பார்க்கலாம். பெரும்பாலான சிப்பியில் விலைபோகிற முத்து எதுவும் இருக்காது. எப்பவாவது ஒன்றில் இருக்கும். அந்த ஒன்றின் கதை கொட்டில் கொட்டிலாகப் பரவும். அடுத்தநாள் இன்னும் கூடுதலான ஆட்கள் ஏலத்துக்கு வருவார்கள். இதை ஒரு லொத்தர் என்றே அன்றைய ஐரோப்பியர் எழுதினார்கள். அவர்களில் சிலர் தாங்களும் வாங்கிப் பார்த்தார்கள்.

இழுப்பது எது

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், சார்ள்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து 1957 இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் அதில் இருக்கு. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்தால், தீனி நின்ற கொஞ்ச நேரத்தில் புறா கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி வரும் என்று தெரியாவிட்டால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரம் வேலை செய்வது இந்த விதியில்தான். கொண்டச்சி ஏலமும் இப்படித்தான். ஸ்கின்னர் பிறக்கு முன்னமே எங்கட கரையில் அந்த விதி ஓடிக்கொண்டிருந்திருக்கு.

இப்போது போனை எடுப்போம். பெருவிரலால் கீழே இழுத்துவிட்டால் அடுத்த வீடியோ வருகுது. பத்தில் எட்டு சப்பை, ஒன்று பரவாயில்லை, ஒன்று வயிறு குலுங்கச் சிரிக்க வைக்குது. எது எப்ப வரும் என்று தெரியாது. "இன்னும் ஒண்டு" என்று சொல்ல வைப்பது பார்த்து முடித்த வீடியோ இல்லை, இனி வரப்போகிற வீடியோ. சிவப்புப் புள்ளியோடு வருகிற நோட்டிபிகேஷனும் அப்படித்தான். திறக்குமட்டும் அதுக்குள்ளே என்னவும் இருக்கலாம்.

அதனால்தான் "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று வீட்டில் பேசுவது பாதி உண்மைதான். மற்றப் பாதி, அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்கும் விதம். சலாபத்தில் யார் தோற்றாலும் தோற்காத ஒரு தரப்பு இருந்தது. சிப்பி வெறுமையாக இருந்தாலும் ஏலக்காசு அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 1905 குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டது. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இன்றைக்கும் நாங்கள் பார்த்த வீடியோ நல்லதோ சப்பையோ, பார்த்த நேரத்துக்கான விளம்பரக்காசு கம்பனிக்குப் போய்ச் சேருது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். சுழியோடிகளை நாங்கள் அடிமைப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது தொழில். சுறாவுக்கும் மூச்சுமுட்டலுக்கும் நடுவே செய்த கடின உழைப்பு. எங்கட ஒப்பீடு கரையில் நின்று ஏலம் கேட்டவர்களோடுதான்.

சலாபத்துக்கு இருந்தது, போனுக்கு இல்லாதது

அந்த ஏலத்துக்கு முடிவு ஒன்று இருந்தது. சில வாரங்களில் காற்று மாறும், கடல் கொந்தளிக்கத் தொடங்கும், வள்ளங்கள் ஊர் திரும்பும். கொட்டில்களைப் பிரித்துவிடுவார்கள். ஆசை இருந்தாலும் வாங்கச் சிப்பி இராது. பிறகு வருடக்கணக்காகவே குளிப்பு நடக்காத காலங்களும் உண்டு. 1837க்கும் 1854க்கும் இடையில் இல்லை. 1864 தொடக்கம் 1873 வரை இல்லை. 1892 தொடக்கம் 1902 வரையும் இல்லை.

போனில் காற்று மாறாது. முன்னர் இணையப் பக்கங்களுக்கு அடி என்று ஒன்று இருந்தது. அடிக்கு வந்தால் "அடுத்த பக்கம்" என்று அழுத்தவேண்டும். அந்த ஒரு கணத்தில் "சரி, காணும்" என்று எழும்பலாம். 2006 அளவில் முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த ஏசா ரஸ்கின், அதனால் வந்த விளைவுக்காகப் பிறகு வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

எப்போது இது நோய்?

நிறைய நேரம் போன் பார்ப்பதெல்லாம் நோய் இல்லை. முசலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவை. யுத்தம் முடிந்து மீளக்குடியேறிய பிறகும் பல குடும்பங்களில் பாதிப்பேர் இங்கே, பாதிப்பேர் புத்தளத்தில். அப்படியான வீட்டில் இரவில் ஒரு மணித்தியாலம் வட்ஸ்அப்பில் பேசுவது உறவு. அதை மணிக்கூட்டை வைத்து அளக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு சேர்க்கப்பட்டிருக்கு. சமூக ஊடகத்துக்கு அப்படித் தனிப்பெயர் இன்னும் இல்லை. ஆனால் அதில் சொல்லப்பட்ட மூன்று அடையாளங்களை வைத்து எங்களையே கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, தொடங்குவதும் நிறுத்துவதும் எங்கட கையில் இருக்குதா? இரண்டு, சாப்பாடு, நித்திரை, படிப்பு, ஆட்கள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது முன்னுக்கு வருகுதா? மூன்று, கெடுதல் நடக்குது என்று தெரிந்த பிறகும் தொடருதா? பொதுவாக ஒரு வருட அளவு இது நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்தால்தான் வைத்தியர் கோளாறு என்பார். சோதனைக்கு முதல்நாள் இரவு விடிய விடியப் படம் பார்த்தது இதில் சேராது.

பாரைச் சும்மா விட்டால் போதுமா?

மீள்வது பற்றியும் இந்தக் கடல் ஒன்று சொல்லுது.

பிரித்தானியர் வந்த கையோடு 1796, 1797, 1798 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகக் குளித்தார்கள். வருமானம் கொட்டியது. பார்கள் களைத்துப் போயின. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை நம்பி அரிப்பில் கட்டிய மாளிகை இன்றைக்கு இடிபாடு. ஊரில் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். சிப்பி வளர்ந்து முதிர நாலைந்து வருடம் வேணும். ஆகவே முதல் மருந்து ஓய்வு. எங்களுக்கும் அப்படித்தான். சில வாரம் அந்த அப்பை அழித்துவிட்டு இருந்தால் நித்திரையும் கவனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

ஆனால் ஓய்வு மட்டும் போதவில்லை. பத்து வருடம் சிப்பி இல்லாமல் கிடந்ததால், காரணம் கண்டுபிடிக்க 1902 இல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை அழைத்தார்கள். உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னெல் வந்தார். அவர்கள் கண்டது இதுதான்: பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து படியுது, ஆனால் வளருமுன்னே அழிந்துபோகுது. மணல் மூடுது, தென்மேற்குப் பருவக்காற்று காலத்து அலை அள்ளிக்கொண்டு போகுது, மீன்கள் தின்னுது. குஞ்சுச் சிப்பி நார் போன்ற இழையால் ஒட்டிப் பிடிக்கக் கல்லோ பழைய ஓடோ வேணும். வெறும் மணலில் அது நிலைக்காது. அதனால் அவர்கள் சொன்ன வழி, பாரில் கல்லும் ஓடும் போடுங்கள், ஆபத்தான இடத்துக் குஞ்சுகளை நல்ல பாருக்கு மாற்றுங்கள் என்பது.

போனை விட்டவர்கள் திரும்ப விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்பை அழித்தாயிற்று. பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை என்ன செய்வது? அந்த நேரம் வெறும் மணலாகக் கிடந்தால் நல்ல முடிவு எதுவும் அதில் ஒட்டாது. கரப்பந்து, நூலகம், வீட்டுத் தோட்டம், யாருக்காவது பாடம் சொல்லிக்கொடுப்பது என்று எதையாவது *முதலில்* போட்டுவிட்டுத்தான் போனைக் குறைக்கவேண்டும். ஏன் போனுக்குள் போனோம் என்றும் பார்க்கவேண்டும். தனிமை, பயம், மனச்சோர்வு என்று வேறொன்று அடியில் இருந்தால், அதைக் கவனிக்காமல் அப்பை மட்டும் அழித்துப் பலனில்லை.

அவசரமும் உதவாது. 1906 இல் இந்தப் பார்களை ஒரு லண்டன் கம்பனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. குத்தகை முடியுமுன்னே கம்பனி கைவிட்டுவிட்டது. 1925 இல் ஒருமுறை குளித்தார்கள். பழைய மாதிரியான பெருஞ்சலாபம் அதோடு முடிந்தது. எல்லாப் பாரும் தானாகத் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக ஒன்று. சுழியோடி தனியாக இறங்குவதில்லை. கயிற்றின் மறுமுனையில் எப்பவும் ஒருவர் இருப்பார். நாங்களும் அப்படி ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். அறைத்தோழர், அக்கா, மச்சான், யாரோ. "பத்தரைக்கு என்ர போனை வாங்கி வை" என்று சொல்லக்கூடிய, "திரும்பத் தொடங்கிட்டன்" என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஆள். அதுக்கும் மேலே போய்விட்டது என்று பட்டால், இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 இலேயே இதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியிருக்கு. வைத்தியரிடம் போகிற அளவுக்கு இது பெரிய விஷயமா என்று யோசிக்கத் தேவையில்லை.

அடுத்த மாதத்துக்கு நாங்கள் யோசித்திருப்பது சின்னத் திட்டம். நாளுக்கு ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு ஒரு வேலையும் வைத்து, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து முப்பது நாள். சேர விரும்புகிறவர்கள் முதலில் கயிற்றின் மறுமுனைக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வாங்கோ.