கடனாகக் கிடைத்த உதவித்தொகை

லால்குடிக்காரர்களுக்குக் கல்லூரி என்றால் வெகுகாலம் திருச்சிதான். நாகப்பட்டினத்திலிருந்து 1883-ல் அங்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி இருந்தது; 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்தது. இடம் கிடைத்தாலும் பணத்துக்கு என்ன வழி?

1963-ல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயரில் உதவித்தொகை, உள்ளே கடன். ஆனால் வட்டி கிடையாது. சம்பாதிக்கத் தொடங்கியபின் அசலைத் தவணையாகக் கட்டினால் போதும். ஆசிரியர் வேலைக்குப் போனவருக்கு அதிலும் சலுகை: பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்தாண்டு பாடம் நடத்தினால் கணக்கு நேர். பள்ளிகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் இது கெட்டிக்கார ஏற்பாடுதான்.

வசூல்தான் படுத்துவிட்டது. படிப்பு முடிந்து ஊர் மாறிப் போனவரை அரசு அலுவலகம் எங்கே தேடும்?

2001-ல் பொறுப்பு வங்கிகளிடம் போனது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம் என்று இருந்தது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே தவணை தவறினால் நோட்டீஸ் வீட்டுக்கே வரும். ஆசிரியருக்கான பழைய தள்ளுபடி இதில் இல்லை. 2009-10 கல்வியாண்டு முதல், பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்றது. அசலும் அதற்குப் பிந்தைய வட்டியும் மாணவர் தலையில்.