ஒரு பிடி மாவு

1884ஆம் ஆண்டு லாகூரில், மோச்சி வாசலுக்கு உள்ளே இருந்த ஒரு பள்ளிவாசலில் முஸ்லிம்கள் சிலர் ஒன்றுகூடி ‘அஞ்சுமன் ஹிமாயத்தே இஸ்லாம்’ என்னும் சங்கத்தை நிறுவினர். ஆதரவற்ற பிள்ளைகள் மிஷனரி இல்லங்களில் சேர்ந்து தீனை இழந்துவிடுவார்களோ என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. யதீம்களுக்கு இல்லமும், சமுதாயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களும் வேண்டும், கையிலோ பணமில்லை.

செல்வந்தர்களின் வாசலில் மட்டும் காத்திராமல், அவர்கள் அடுக்களைகளை நாடினர். ரொட்டிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தனர். தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று அதைத் திரட்டினர். மாவு விற்ற பணம் சங்கத்திற்குச் சேர்ந்தது. நம் பக்கத்துப் பிடியரிசியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏழை வீட்டாரும் கொடையாளர் ஆனது இதனால்தான்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களிலும் நிதி திரட்டப்பட்டது. 1900ஆம் ஆண்டுக் கூட்டத்தில், அப்போது 22 வயதே ஆன முஹம்மது இக்பால் ‘நாலாயே யதீம்’ (யதீமின் புலம்பல்) என்னும் உருதுக் கவிதையை வாசித்தார். தாமே யதீமாக வளர்ந்த நபி (ஸல்) அவர்களிடம் ஒரு யதீம் முறையிடுவதாக அமைந்தது அது. அவையோர் கண்கலங்கினர், நிதியும் குவிந்தது. இக்பாலின் புகழுக்கு அம்மேடை ஒரு தொடக்கமாயிற்று. பின்னாளில் அச்சங்கத்திற்கே அவர் தலைவரானார்.

லாகூர் இஸ்லாமியாக் கல்லூரியும் அச்சங்கம் நிறுவியதுதான். இக்பாலின் பெயரை நம் பிள்ளைகளும் அறிவர். அவருக்கும் முன்பே மாவுப் பானையை நிரப்பிய தாய்மார்களின் பெயர்கள் நம்மை வந்தடையவில்லை.