வாசிப்புக் கல் முதல் தொலைக்காட்சி உருப்பெருக்கி வரை

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றுதல் தமிழ் மரபு. அங்ஙனமாயின், முகத்திலுள்ள கண் மங்கியவர் கல்விக் கண்ணையும் இழத்தல் வேண்டுமோ என்னும் வினா எழுகின்றது. முற்றாகப் பார்வையிழந்தோர்க்கு 19ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டு லூயி பிறெயில் தொட்டறியும் எழுத்தை அமைத்து வழிகாட்டினார். ஆனால், நன்கு காணவும் இயலாது, முற்றாகக் காணாமலும் இராது, இடையில் நின்றோர் பலர். மூக்குக்கண்ணாடியாலும் மருத்துவத்தாலும் சீர்ப்படாத பார்வையுடைய இவர்களைக் குறைபார்வையாளர் என்பர். அச்செழுத்து இவர்களுக்கு எட்டிய வரலாறு, கருவியின் வரலாறு மட்டுமன்று. குறைபார்வை பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணம் மாறிய வரலாறுமாகும்.

உருப்பெருக்கத்தின் தொடக்கம் பழைமையானது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரபு அறிஞர் இபின் அல் ஹைதம் ஒளியியல் பற்றிப் பெருநூலொன்று யாத்தார். அது பின்னர் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர் கைக்கு எட்டியது. 1267இல் இங்கிலாந்துத் துறவியாராகிய உரோசர் பேக்கன், கண்ணாடிக் கோளத்தின் ஒரு துண்டை எழுத்தின்மீது வைத்தால் எழுத்துப் பெரிதாகத் தோன்றும் என்றும், அது முதியோர்க்கும் மெலிந்த கண்ணினர்க்கும் பயன்படும் என்றும் எழுதினார். இத்தகைய துண்டே வாசிப்புக் கல் எனப்பட்டது. 1306இல் புளோரன்சு நகரிற் சொற்பொழிவாற்றிய துறவி ஒருவர், மூக்குக்கண்ணாடி தோன்றி இருபது ஆண்டும் நிறையவில்லை என்றார். ஆகவே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இத்தாலியில் அது தோன்றிற்று எனக் கொள்ளலாம்.

முதுமையால் வரும் பார்வைத் தளர்ச்சிக்கு அது போதுமானதாயிற்று. குறைபார்வையாளர்க்கோ போதவில்லை. காரணம் வில்லையின் இயல்பிலேயே உள்ளது. பத்து மடங்கு பெருப்பிக்கும் வில்லையின் குவியத் தூரம் இரண்டரைச் சென்ரிமீற்றர் மட்டுமே. எனவே, அதனைக் கண்ணருகே அணிந்து படிப்போர் தாளை ஏறக்குறைய மூக்கிலே முட்டக் கொணர்தல் வேண்டும். அவர் தலையின் நிழலே தாளை மறைக்கும். ஒரு நேரத்திற் சில எழுத்துக்களே தோன்றும். எழுதுவதற்குக் கைக்கு இடமிராது. மங்கிய மையில் அச்சிட்ட எழுத்தை வில்லை பெரிதாக்குமேயன்றித் தெளிவாக்காது. பெருக்கம் மிகுந்தோறும் நெருக்கமும் மிகும் என்னும் இத்தளை பல நூற்றாண்டு அவிழாதிருந்தது.

இதனினும் வலிய தளை மக்கள் மனத்தில் இருந்தது. மெலிந்த கண்ணைப் பயன்படுத்தினால் அது மேலும் கெடும் என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரவலாக நிலவிய கொள்கை. 1908இல் இலண்டனிலும் 1913இல் பொஸ்ரன் நகரிலும் குறைபார்வைச் சிறுவர்க்குத் தனி வகுப்புக்கள் தொடங்கின. பார்வையைக் காத்தலே அவற்றின் நோக்கம். நன்னோக்குடன் எழுந்தவையாயினும், அவ்வகுப்புக்களிற் கண்ணுக்கு வேலை குறைத்துச் செவிவழிக் கல்வியே பெரிதும் ஊட்டப்பட்டது. 1964இல் அமெரிக்கக் கல்வியாளர் நற்றலி பராகா அம்மையார் தம் ஆய்வினை வெளியிட்டார். எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தப் பயிற்றினால், குறைபார்வைச் சிறுவர் அதனைக் கொண்டு செய்யக்கூடியன பெருகுகின்றன என்பதே அதன் முடிபு. காக்கவேண்டிய சேமப் பொருளெனக் கருதப்பட்ட பார்வை, பயில வேண்டிய ஆற்றலெனத் தெளியப்பட்டது.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் உல்வர்ஸ்குரொவ்ற் நிறுவனம் பேரெழுத்து நூல்களை வெளியிடத் தொடங்கிற்று. அது போற்றத்தக்க தொண்டே. எனினும், எந்நூல் பேரெழுத்தில் வரும் என்பதைப் பதிப்பாளரே தீர்மானித்தார். வீட்டுக்கு வந்த கடிதமும், பாடக் குறிப்பும், மருந்துப் புட்டியின் சீட்டும் பேரெழுத்தில் வருவதில்லை.

இந்நிலையிலே தொலைக்காட்சி துணைக்கு வந்தது. 1959இல் பொற்ஸ், வோல்க், வெஸ்ற் ஆகிய மூவர் தொலைக்காட்சியை வாசிப்புக் கருவியாக்கும் முறையை அமெரிக்கக் கண் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டனர். ஆயினும் அதனை நிலைபெறச் செய்த பெருமை சாமுவேல் ஜெனென்ஸ்கி என்னும் கணித அறிஞரைச் சாரும். 1927இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிறந்த இவருடைய கண்கள், பிறந்தவுடன் தவறாக இடப்பட்ட மருந்தினாற் பழுதுற்றன. உயர்பள்ளியிற் கரும்பலகையை இருகண் தொலைநோக்கியாற் பார்த்துப் பாடங் கற்றார். பிறவுண் பல்கலைக்கழகத்திற் கணிதத்துறைக் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கலிபோர்ணியாவிலுள்ள றான்ட் ஆய்வு நிறுவனத்திற் பணியேற்றார். அங்கே உடனாய்வாளர் மூவருடன் சேர்ந்து, குறைபார்வையாளர்க்கான மூடுசுற்றுத் தொலைக்காட்சி பற்றிய அறிக்கையை 1968இல் வெளியிட்டார். அம்மூவருள் ஒருவர், கணினி வலையமைப்புக்களுக்கு அடிகோலியோருள் ஒருவராகிய போல் பரன் என்பது குறிப்பிடத்தக்கது.

கருவியின் அமைப்பு எளிது. நூலைத் தாங்கும் மேடை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகரும். அதன் மேலே நிற்கும் கமரா எழுத்தைப் பிடித்துத் திரைக்கு அனுப்பும். இரண்டு மில்லிமீற்றர் எழுத்தைப் பத்து மடங்காக்கினால், அது திரையில் இரண்டு சென்ரிமீற்றராய் நிற்கும். படிப்பவர் நிமிர்ந்து, தமக்கு இசைந்த தூரத்தில் இருக்கலாம். கமராவுக்கும் தாளுக்கும் இடையே கை நுழையுமாதலின், தாம் எழுதுவதைத் தாமே கண்டு எழுதலாம். பெருக்கமும் நெருக்கமும் இவ்வாறு பிரிந்தன. அன்றியும், மின்னியல் முறையாற் கருமை வெண்மை வேறுபாட்டை மிகுவிக்கலாம். கரிய தளத்தில் வெள்ளெழுத்தாக மாற்றவும் இயலும். கண்ணின் உட்பகுதி கலங்கியோர்க்கு வெண்தாளின் ஒளி கண்ணுள்ளே சிதறி எழுத்தை மறைக்கும். கரிய தளம் அச்சிதறலைக் குறைக்கும். வெறும் வில்லை செய்யவியலாத உதவி இது.

குறைபாடுகளும் உள. நாற்பது சென்ரிமீற்றர் அகலத் திரையில் இரண்டு சென்ரிமீற்றர் எழுத்து இருபதே அடங்கும். பெருக்கத்தை இரட்டித்தாற் பத்தே அடங்கும். ஆதலின் வாசிப்பு மெதுவாகும். மேடையை ஒழுங்காக நகர்த்தப் பயிற்சி வேண்டும். தொடக்கக் கருவிகள் பாரமும் விலையும் மிக்கனவாய், மேசையை விட்டு அகலாதனவாய் இருந்தன. 1970களில் இவை விற்பனைக்கு வந்தன, பின்னர்ச் சிறுத்தன, நிறங்காட்டின. 2016இல் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசி மென்பொருளில் உருப்பெருக்கியையும் சேர்த்தது. அறை மேசையை நிறைத்த கருவியின் தொழிலிற் பெரும்பங்கு சட்டைப்பைக்குள் அடங்கிற்று.

ஜெனென்ஸ்கி கருவியோடு அமையவில்லை. சட்டம் பார்வையற்றோர் என வகுத்தோருள்ளும் பயன்தரும் பார்வையுடையோர் உளர், அவரை முற்றாகக் காணாதவரோடு ஒன்றாக எண்ணுதல் தவறு என வற்புறுத்தினார். 1978இல் அத்தகையோர்க்கெனச் சான்ரா மொனிக்கா நகரில் நிலையமொன்றையும் நிறுவினார். அவர் 2009இல் மறைந்தார்.

இவ்வரலாறு கற்பிப்போர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கருவி வந்துவிட்டது, பழைய எண்ணமோ முற்றாக அகலவில்லை. நூலை முகத்தோடு அணைத்துப் படிக்கும் மாணவனைக் கண்டால், கண் கெட்டுவிடும் என்று நூலைப் பறிப்பதும், கரும்பலகையைப் பார்த்து எழுதாதவனைச் சோம்பேறி என்று கடிவதும் இன்றும் நிகழக்கூடியனவே. அவன் தன் சிறு பார்வையை முழுதும் செலவிட்டுக் கற்க முயல்பவனாக இருக்கலாம். அவனை முதலிற் கண் மருத்துவரிடம் அனுப்புதலும், அடுத்து அவனுக்கேற்ற உருப்பெருக்கியைத் தேடிக் கொடுத்தலும் ஆசிரியர் கடன். எவ்வளவு தெரியவில்லை என்று அளப்பதோடு நில்லாது, எவ்வளவு தெரிகின்றது என்று வினவுதலே அக்கடனின் தொடக்கமாகும்.