பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது: ஒரு பழைய மாணவனின் குறிப்புகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கல்லூரி நினைவுகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். நினைவுகளை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சரித்திரம் படித்தவன். ஆகவே நம் கல்லூரியின் வாசலிலேயே நடந்து, நாம் அதிகம் பேசாமல் விட்டுவிட்ட ஒரு மாற்றத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் காலத்தில் பதினாறு வயசுப் பையன் என்றால் கல்லூரி மாணவன். 1978-க்குப் பிறகு அதே பையன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வயசு ஒன்றுதான். ஆனால் அவன் பொழுதும் மனசும் அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டன.

பதினொன்றாம் வகுப்பு

இன்றைய மாணவர்களுக்கு ஒரு விளக்கம். அன்று பள்ளிப்படிப்பு பதினோரு வருஷம். பதினொன்றாம் வகுப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதற்குப் பிறகு கல்லூரியில் இன்டர்மீடியட் இரண்டு வருஷம் என்று இருந்ததை 1950-களின் நடுவில் எடுத்துவிட்டு, பி.யு.சி. என்ற ஒரு வருஷப் படிப்பைக் கொண்டுவந்தார்கள்.

நான் 1973-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். காலையில் எழுந்தால் மாட்டுத் தொழுவம், ஆற்றுக் குளியல், பழைய சோறு, அப்புறம் மூன்று மைல் நடை. பத்து மணிக்கு மணி அடிக்கும். சாயந்திரம் திரும்பும்போது டீக்கடையில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். பாட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகருவோம். ராத்திரி அரிக்கேன் விளக்கில் படிப்பு. வேலை நிறைய இருந்தது, ஆனால் அதில் பாதி வீட்டு வேலை. படிப்புக்காக மட்டுமே ஓடினோம் என்று சொல்ல முடியாது.

பயம் இல்லாமல் இல்லை. அன்று பாஸானவர்களின் நம்பர்கள் பத்திரிகையில் வரும். பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து இறங்கினதும் ஊரே கூடிவிடும். "ஏலே, ஒன் நம்பர் இருக்கால?" என்பதுதான் கேள்வி. எத்தனை மார்க்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். ஃபெயிலானவன் அன்றைக்குப் பூரா வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்திருப்பான். மறுநாள் யாராவது தேடிப்போய்க் கூட்டிவருவார்கள். அப்படிப் பாதியில் நின்றுபோனவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர்.

'மிஸ்டர்' ஆன வருஷம்

பி.யு.சி. வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது எங்களுக்கு நேர்ந்த அதிர்ச்சிகள் இரண்டு. ஒன்று ஆங்கிலம். பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு முதல் மாதம் பேராசிரியர் சொன்னதில் 'யெஸ்', 'நோ' இரண்டும்தான் விளங்கும். விடுதியில் தலையணைக்கு அடியில் அகராதியை வைத்துக்கொண்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். இன்லண்ட் லெட்டரில் "சௌக்கியம்" என்று எழுதிவிட்டு, அதை ஒட்டுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது அதிர்ச்சி இனிப்பானது. பள்ளிக்கூடத்தில் எங்களை "ஏலே" என்று கூப்பிட்டார்கள். இங்கே பேராசிரியர்கள் "மிஸ்டர்" என்றார்கள். மீசை அரும்பாத பையனை! அரைக்கால் சட்டையை விட்டு வேட்டிக்கோ பேன்ட்டுக்கோ மாறின அந்த வருஷத்தில் நாங்கள் ஒரேயடியாகப் பெரிய மனுஷர்கள் ஆனோம். மதியம் இரண்டு பீரியட் சும்மா கிடைத்தால் நூலகம் போகலாம், மரத்தடியில் அரசியல் பேசலாம், வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மேட்னி ஷோவுக்கும் போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள். மார்ச்சில் மதுரைப் பல்கலைக்கழகத் தேர்வு வந்து கேட்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷச் சுதந்திரத்தில் கெட்டுப்போனவர்களும் உண்டு, ஆளானவர்களும் உண்டு.

ஆனால் இந்தக் கதை முழுக்க ஆம்பளைப் பிள்ளைகளின் கதை. எங்கள் அக்கா எனக்கு இரண்டு வருஷம் முன்பே எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள், என்னைவிட மார்க்கும் அதிகம். "பொம்பளப் பிள்ளையக் கொண்டுபோய் டவுன்ல விடவா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் பெட்டி கட்டிய அன்று என் சட்டைகளை மடித்து வைத்தவள் அவள்தான். ஒன்றும் பேசவில்லை.

1978

கோத்தாரி கல்விக்குழு (1964-66) நாடு முழுவதற்கும் பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. பி.யு.சி. கல்லூரியை விட்டுப் போயிற்று. தொழிற்கல்விப் பிரிவும் அப்போதுதான் பள்ளிக்குள் வந்தது.

கல்லூரிக்காரர்களான நாங்கள் அன்று கேலி பேசினோம், பள்ளி வாத்தியார்கள் இதை எப்படி நடத்தப் போகிறார்கள் என்று. ஆனால் நடந்தது வேறு. பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளி மேல்நிலைப்பள்ளி ஆயிற்று. என் தங்கை வீட்டுச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, தினமும் போய்வந்து, 1982-ல் பிளஸ் டூ முடித்தாள். அதற்குள் அப்பாவுக்கும் மனசு இளகிவிட்டது. அவள் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் அறிவில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அந்த இரண்டு வருஷப் படிப்பு டவுனில் இருந்ததா, நடந்துபோகிற தூரத்தில் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். பி.யு.சி.யை நினைத்து நாங்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் நினைக்கவேண்டும்.

ஓட்டம் ஆரம்பித்தது

1984-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதன்பின் பாஸா, ஃபெயிலா என்ற கேள்வி போய், 1200-க்கு எவ்வளவு, கட்-ஆஃப் எவ்வளவு என்றாயிற்று. முன்பு நம்பர் இருந்தால் ஊரே சந்தோஷப்பட்டது. இப்போது 1100 வாங்கினவனும் அழுதான்.

பொழுதும் மாறியது. அதிகாலை ஐந்து மணிக்குப் பிசிக்ஸ் டியூஷன், ஏழு மணிக்கு மேத்ஸ், ஒன்பதரைக்குப் பள்ளி, சாயந்திரம் கெமிஸ்ட்ரி, ராத்திரி ரெக்கார்டு நோட்டு. அம்மா விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றுவாள். டி.வி. ஒயரைப் பிடுங்கி வைத்த வீடுகள் எத்தனை! பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டும் வழக்கமும் பல இடங்களில் வந்தது. எங்கள் 'மிஸ்டர்' வயசில் இருந்த பிள்ளை, சீருடை போட்டுக்கொண்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரும் குழந்தையாக இன்னும் இரண்டு வருஷம் வைக்கப்பட்டான்.

அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. மாநில நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோடு நீங்கியது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதை விலக்குவதாக 2025-ல் அறிவித்தார்கள். நடுவில் 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கதவைச் சாத்தினால் பாரம் இன்னொரு கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியது

பி.யு.சி. திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் எத்தனையோ அக்காமார்கள் மறுபடி வீட்டில் நிற்பார்கள். நான் சொல்வது வேறு. பதினாறு வயசுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: எட்டுகிற தூரத்தில் ஒரு வகுப்பறை, பெரிய மனுஷனாக மதிக்கிற ஓர் ஆள். எங்களுக்கு இரண்டாவது கிடைத்தது, முதலாவது பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது டியூஷன் ஓட்டத்தில் தொலைந்தது.

இன்று முதலாண்டு வகுப்பில் நுழைகிற பிள்ளை அந்த ஓட்டத்திலிருந்து நேராக வருகிறது. பழைய மாணவர்களே, கல்லூரிக்கு வரும்போது அவர்களிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். ஊர் எது, வீட்டில் யார் யார், என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். நம் சங்கத்தின் உதவித்தொகை கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு முதலில் போய்ச் சேரட்டும். இன்றைய மாணவர்களே, உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கையோ இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமாவது ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகம் வேண்டாம்.