யார் இறங்கி நடப்பது?

எங்கள் பகுதிப் பூங்காவின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ‘உள்ளே சைக்கிள் ஓட்டக் கூடாது.’ மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். தெருவிளக்கு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுக் கொடுத்திருக்கிறோம். அவையெல்லாம் எந்த மேசையில் கிடக்கின்றனவோ. சைக்கிளைத் தடுக்கக் கேட்ட மனுவுக்கு மட்டும் மூன்றே வாரத்தில் பலகை வந்துவிட்டது.

மனு கொடுத்த காரணம் அற்பமானதல்ல. பூங்காவைச் சுற்றி ஆறடி அகலத்தில் ஒரு பாதை. அதில் நடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுகர், பிரஷர், முழங்கால் வலி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தங்களுக்கென்று முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ள வீட்டில் ஒப்புதல் கிடைத்தவர்கள். அதே பாதையில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சைக்கிள் பழகுவார்கள். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி வளைவில் பிரேக் பிடிக்கத் தடுமாறி, முன்னால் போன ஓர் அக்காவின் மேல் மோதிவிட்டாள். அக்கா கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பொட்டலம் போடுகிறவர். கட்டுப் பிரிக்கும்வரை கூலி இல்லை.

“கால் ஒடிஞ்சிருந்தாக்கூட உக்காந்து வேல பாத்திருப்பேன், டீச்சர். இது பாக்கெட்டு போடுற கை” என்றார். “தமிழ் டீச்சர்தானே, நீங்களே எழுதிருங்க” என்றார்கள் மற்றவர்கள். எழுதினேன். முப்பத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். எங்களுக்குள் மாற்றுக் கருத்தே இல்லை.

பலகை வந்து நாலாம் நாள். கல்லூரி விட்டுத் திரும்பும்போது எட்டயபுரம் சாலையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். மினிபஸ் ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடிக்க, அவள் சைக்கிளைவிட்டு இறங்கி, ஓரத்துச் சாக்கடை விளிம்பில் உருட்டிக்கொண்டு போனாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உருட்டிக்கொண்டு போகிற சைக்கிள் எனக்குப் புதிய காட்சி அல்ல.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே, பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற ஒரு கரிசல் ஊர். எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம். அதுவரை சைக்கிளில் வந்த சில ஆட்கள் அங்கே இறங்கிவிடுவார்கள். தெரு முடியும்வரை உருட்டிக்கொண்டு நடந்து, மறுமுனையில் ஏறிக்கொள்வார்கள். எனக்கு ஆறேழு வயது இருக்கும். பஞ்சர் என்று நினைத்தேன். “ஏன் தாத்தா, நம்ம தெருவுக்கு வந்ததும் இவங்க சைக்கிளுக்கு மட்டும் காத்து எறங்கிப் போகுது?” என்று கேட்டேன். தாத்தா சிரித்தார். திண்ணையில் இருந்த எல்லாருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியவும், அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது உறைக்கவும் பல வருஷங்கள் ஆயின.

அடைமழைக் காலத்தில் கரிசலில் எல்லாருமே சைக்கிளைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். களி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மண் எல்லாரையும் இறக்கியது. எங்கள் தெரு ஆள் பார்த்து இறக்கியது.

தெருவில் யார் எப்படிப் போகலாம் என்பதற்காக இந்தப் பக்கத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1895இல், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில், தேர்வீதி வழியாக நாடார் சமூகத்தினர் ஊர்வலம் போகும் உரிமை பற்றிய பகை பங்குனித் திருவிழாவின்போது கலவரமாக வெடித்து உயிர்களைக் குடித்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ எந்தச் சாதியாரும் நடப்பதற்குத் தடையில்லை என்பதே அதன் சாரம். வெறுமனே நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் சிறை சென்றதை நாம் பாடத்தில் படிக்கிறோம். அவருடைய துணைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அந்தச் சாலைக்குப் போராடப் போனவர்கள் என்பதை அவ்வளவாகப் படிப்பதில்லை. பிறகு அரசியல் சட்டம் வந்தது. அதன் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் சேர்த்து, சாதியின் பெயராலோ பாலினத்தின் பெயராலோ அவற்றை யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது.

சட்டப்படி நடக்கும் உரிமை வந்துவிட்டது. ஆனால் நடப்பவன் சைக்கிளில் ஏறியதும் தெரு மறுபடி விழித்துக்கொண்டது. காரணம் வேகமல்ல, உயரம். சைக்கிளில் போகிறவனின் தலை திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் தலைக்கு மேலே போய்விடுகிறது. இது ஏதோ பழங்காலக் கதை என்று மாணவிகள் நினைத்துவிடக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுவதையும் ஓட்டுவதையும், செருப்பும் புதுத்துணியும் அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. நிலவுக்குக் கலம் அனுப்பிய பிறகு இந்த நாடு எழுதிக்கொண்ட வரி அது.

இந்தக் கணக்கில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? எங்கள் தெருவில் எந்தப் பெண்ணையும் யாரும் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னதில்லை. ஏறியிருந்தால்தானே இறங்கச் சொல்ல? தண்ணீருக்கும் விறகுக்கும் களையெடுப்புக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அவர்கள் நடந்தார்கள். சேரிப் பெண்களுக்கு எந்த வழியாக நடக்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருந்தது. நான் வாடகை சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுப் பழகினேன். வயசுக்கு வந்ததும் அம்மா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள். “போதும்.” அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பெண் சைக்கிளில் ஏறினால் யாருக்கு என்ன பதறுகிறது என்பதை உலகம் பலமுறை காட்டியிருக்கிறது. 1897இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் தருவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த ஆண் மாணவர்கள் ஒரு பெண்பொம்மை செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மையை அவர்கள் சைக்கிளில் உட்காரவைத்திருந்தார்கள். படித்த பெண் என்றால் சைக்கிள் ஓட்டுகிறவள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தீர்மானம் தோற்றதும் பொம்மையைப் பிய்த்தெறிந்தார்கள். அங்கே பெண்களுக்கு முழுமையான பட்டம் கிடைக்க 1948 ஆயிற்று. 2013இல் சவூதி அரேபியாவில் பெண்கள் சைக்கிள் ஓட்டலாம் என்ற செய்தி வந்தது. ஆனால் பூங்கா, பொழுதுபோக்கு இடங்களில் மட்டும், வீட்டு ஆண் ஒருவர் துணையோடு, பொழுதுபோக்காக மட்டும். ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதற்காக ஓட்டக் கூடாது. இதை ஒருமுறை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் பூங்காவையாவது கொடுத்தார்கள். அதையும் மூடச் சொல்லி நாங்கள் மனு எழுதினோம்.

போய்ச் சேருவதற்காகப் பெண்கள் ஓட்டிய வரலாறு நம்மிடம்தான் இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டையை வலம்வந்தார்கள். அங்கே சென்று எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பதிவுசெய்கிறார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். ஏளனப் பேச்சும் அசிங்கப் பேச்சும் கேட்டுக்கொண்டேதான் பழகினார்கள். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல், தண்ணீர்க் குடத்தையும் விளைந்ததையும் கேரியரில் கட்டிக்கொண்டு போனார்கள்.

2001இல் தமிழக அரசு பட்டியல் சாதி, பழங்குடி மேல்நிலை மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. பீகார் 2006இல் மாணவிகளுக்கு இதே போன்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே ஆய்வு செய்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். என் மாணவிகளில் எத்தனையோ பேர் அந்த அரசாங்கச் சைக்கிளில் ஏறித்தான் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி என் வகுப்பறைக்கு வந்தவர்கள்.

இதையெல்லாம் கற்பிக்கிற நான், ஒரு பிள்ளை சைக்கிள் பழக இருந்த ஒரே இடத்தை ஒரு வாக்கியத்தால் அடைத்தேன். ஆனால் அந்த அக்காவின் மணிக்கட்டு? அதுவும் வரலாறுதான். ஐம்பத்தெட்டு வயதுக் கூலிக்காரப் பெண்ணின் எலும்பை விட்டுக்கொடுத்து ஒரு சிறுமியின் விடுதலையைப் பேசினால், அது பெண்ணியம் ஆகாது.

பல நாள் யோசித்து எனக்குத் தெளிவானது இது. ‘இறங்கு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. உன் சக்கரம் இன்னொரு உடம்பை உடைக்கும், அதனால் மெதுவாகப் போ, தேவைப்பட்டால் இறங்கு என்பது ஒன்று. வேகமாகப் போகிறவர் மெதுவாகப் போகிறவருக்குப் பட்ட கடன் அது. சைக்கிள்காரர் நடப்பவருக்கும், லாரிக்காரர் சைக்கிள்காரருக்கும் அதே கடன் பட்டிருக்கிறார். என் முன்னால் நீ உயரமாகப் போகாதே, அதனால் இறங்கு என்பது இன்னொன்று. அதற்கு எந்த எலும்பும் காரணமல்ல. எங்கள் தெருவில் யாரும் யார் மேலும் மோதியதில்லை. முதல் கட்டளைக்கு அளவு சொல்லலாம்: இந்த வளைவில், இந்த நேரத்தில், இந்த வேகத்துக்கு மேல் வேண்டாம் என்று. இரண்டாவதற்கு அளவே கிடையாது, ‘கூடாது’ என்ற ஒரே சொல்தான். என் மனுவில் காரணம் முதலாவது, வாசகம் இரண்டாவது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த அக்கா ஏன் பூங்காவில் நடக்கிறார்? அவர் வீட்டிலிருந்து பட்டறை வரைக்கும் உள்ள சாலையில் நடக்க ஓரம் இல்லை. மோட்டார் சைக்கிளும் கடைப் பலகையும் அதை எடுத்துக்கொண்டன. அந்தப் பிள்ளை ஏன் பூங்காவில் ஓட்டினாள்? அதே சாலையில் சைக்கிளுக்கும் இடமில்லை. மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. அதைத் தாண்டித்தான் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டியிருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் சாலையில் இடம் தருவதற்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. சிறு நகரங்களுக்கு அந்த நினைப்பே இன்னும் வந்து சேரவில்லை. சாலையிலிருந்து துரத்தப்பட்ட இரண்டு பெண்கள் ஆறடிப் பாதையில் மோதிக்கொண்டார்கள். நாங்கள் அந்த ஆறடிக்குள் தீர்ப்புச் சொன்னோம். வெளியே இருக்கிற சாலையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது மனு எழுதியிருக்கிறேன். பலகையை எடுக்க வேண்டும். காலையிலும், மாலை ஆறு மணிக்கு மேலும் நடப்பவர்களுக்கு மட்டும் பாதை. பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணிவரை பிள்ளைகள் சைக்கிள் பழகலாம், அப்போது நடப்பவர்களுக்கு உள்வட்டப் புல்தரை ஓரத்தில் கல் பதித்துத் தர வேண்டும். பூங்காவுக்கு வெளியே சாலையின் ஒரு பக்கமாவது நடைபாதை வேண்டும். பழைய மனுவில் கையெழுத்துப் போட்ட முப்பத்து நான்கு பேரில் இருபத்தொரு பேர் இதிலும் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள், “ஒங்களுக்கு என்ன டீச்சர், ஒங்க கையா ஒடிஞ்சது?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதனால் அந்த அக்கா வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இடையில் எதுவும் பேசாமல் கேட்டார். கட்டுப் பிரித்த கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் முழுசாக மடங்கவில்லை.

“மணி இல்லாத சைக்கிள உள்ள விடக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்கோங்க” என்றார். “பின்னால வர்றது தெரிஞ்சா ஒதுங்கிருப்பேன்ல.”

சேர்த்தேன். அதன் கீழே, நேரமெடுத்து, வலது கையாலேயே கையெழுத்துப் போட்டார்.