லாங் பீச் விமானத் தொழிற்சாலை: எழுச்சியும் வீழ்ச்சியும்

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டது என்று கேட்டவுடன் உலகம் இரண்டு காரணங்களுள் ஒன்றையே நினைக்கிறது. தொழிலாளி சோம்பேறி என்பது ஒன்று. செய்த பொருள் மட்டம் என்பது மற்றொன்று. தோட்டத்துக் கிராணியாய்ச் செக்ரோல் எழுதிப் பிழைப்பவன் நான். ஏட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கும் அடிபடுவதற்கும் அப்பெயருக்குரியவனின் உழைப்பு மாத்திரமே காரணமன்று என்பதை அறிவேன். இவ்வெண்ணத்தோடு அமெரிக்க ஐக்கிய நாட்டின் விமானத் தொழிற் சரித்திரத்தைப் படித்தபோது, கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரின் கதை என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது. அதனை நேயர்கள் முன் வைக்கிறேன்.

டொனால்டு டக்ளஸ் என்பவர் 1921-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸாண்டா மோனிக்கா நகரில் தமது விமானக் கம்பெனியை நிறுவினார். 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அக்கம்பெனியின் டி.ஸி.-3 விமானம் முதன்முதலாக வானில் எழுந்தது. பிரயாணிகளை ஏற்றிச் சென்றே இலாபம் காட்டவல்ல விமானம் என்ற கீர்த்தி அதற்கு உண்டாயிற்று. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்க ஸர்க்காரின் கிராக்கி பெருகவே, பழைய இடம் போதாமல், லாங் பீச் நகரின் விமானத் திடலை ஒட்டிப் புதிய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் அது திறந்துவைக்கப்பட்டது. இரவில் வெளிச்சம் வெளியே தெரிந்து பகைவர் குண்டுக்கு இலக்காகாதிருக்கும் பொருட்டு, ஜன்னலே இல்லாமல் அதைக் கட்டினார்கள். உள்ளே இரவு பகலின்றி வேலை நடந்தது. டி.ஸி.-3 விமானத்தின் இராணுவ வடிவமான ஸி-47 நாலாயிரத்துக்கு மேலும், போயிங் கம்பெனியின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த பி-17 குண்டு விமானங்கள் மூவாயிரமும் அங்கிருந்து புறப்பட்டன. யுத்தத்தின் உச்சத்தில் டக்ளஸ் கம்பெனியின் ஆலைகள் அனைத்திலும் சேர்த்து 1,60,000 பேர் உழைத்தனர்.

அந்த உழைப்பாளர் யார்? சீர்திருத்தம் நாடுவோர் இதைக் கவனித்தல் வேண்டும். யுத்தத்துக்கு முன் விமானத் தொழிலில் கறுப்பு மக்களுக்கு நுழைய இடமில்லை. ஏதேனும் கிடைத்தால் அது துடைப்பம் பிடிக்கும் வேலையாகவே இருக்கும். பெண்களோ வெகு சிலரே. ஏ. பிலிப் ராண்டால்ப் என்ற கறுப்புத் தொழிலாளர் தலைவர், தம் மக்களைத் திரட்டித் தலைநகருக்கே ஊர்வலம் வருவதாக எச்சரித்தார். அதன்மேல் 1941-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 8802-ஆம் எண் உத்தரவைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தொழில்களில் நிறமோ, மதமோ, பிறப்போ பார்த்து ஆளை விலக்கலாகாது என்பது அவ்வுத்தரவு. ஆடவர் போர்முனைக்குச் சென்றதால் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஆலைக்கு வந்து, தறையாணி அடிக்கவும் மின்கம்பி பூட்டவும் கற்றுக்கொண்டனர். பெண்ணால் இயலாது என்று காலங்காலமாகச் சொல்லிவந்த பேச்சு சில மாதங்களில் பொய்யாயிற்று. ஆனால் 1945-இல் யுத்தம் முடிந்ததும் ஆர்டர்கள் ரத்தாயின. ஏட்டில் கடைசியாக ஏறிய பெயர்களே முதலில் அடிபட்டன. அவர்களுக்குக் கதவைத் திறந்தது நீதி மாத்திரமன்று, தேவையுந்தான். தேவை தீர்ந்ததும் கதவு பாதி மூடிக்கொண்டது.

இது முதல் வீழ்ச்சி. பின்னர் ஜெட் யுகம் பிறந்தது. 1958-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் லாங் பீச்சில் செய்த டி.ஸி.-8 பறந்தது, 1965-இல் அதனினும் சிறிய டி.ஸி.-9 பறந்தது. டி.ஸி.-9-க்கு வந்த ஆர்டர்கள் குவிந்தன. நஷ்டத்தினால் ஆலை தள்ளாடுவதை நாம் அறிவோம். இந்த ஆலையோ ஆர்டரின் மிகுதியாலேயே தள்ளாடிற்று. வியட்நாம் யுத்தத்தினால் இயந்திரங்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் தட்டுப்பாடு. புதிதாய்ச் சேர்த்த ஆட்களுக்குப் பழக்கம் போதவில்லை. குறித்த தவணையில் விமானங்களை ஒப்படைக்க முடியவில்லை. ஒவ்வொன்றைச் செய்து முடிக்கவும் பேசிய விலையை மிஞ்சிச் செலவாயிற்று. கையில் வேலை மலைபோல் இருக்க, பெட்டியில் பணமின்றி, 1967-ஆம் ஆண்டு ஏப்ரலில் டக்ளஸ் கம்பெனி ஸெயிண்ட் லூயி நகரத்து மக்டானல் கம்பெனியோடு இணைந்தது.

அடுத்து வந்தது மூன்று இயந்திரம் பூட்டிய பெரிய டி.ஸி.-10. மலேசிய விமான ஸர்வீஸுக்காகவும் இவ்வகை விமானங்கள் பறந்திருக்கின்றன. அதே காலத்தில், அதே அளவில், அதே கலிபோர்னியாவில், லாக்ஹீட் கம்பெனி டிரைஸ்டார் என்ற விமானத்தைச் செய்தது. ஒருவருக்கே போதுமான சந்தையை இருவர் பங்கிட்டனர். டிரைஸ்டார் 250-உடன் நின்றது. 1981-இல் லாக்ஹீட் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. டி.ஸி.-10, இராணுவத்துக்குச் செய்தவற்றையும் சேர்த்து, 446 வரை சென்றது. எனினும் அதன் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டது. 1972-இல் சரக்கு அறையின் கதவு ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் திறமையால் எல்லாரும் உயிர் தப்பினர். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் சீர்திருத்தம் கண்டிப்பான உத்தரவாக வரவில்லை. 1974-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகில் அதே கதவினால் 346 பேர் மாண்டனர். வீழ்ந்த விமானத்தின் கதவு செப்பனிடப்பட்டதாக ஆலை ஏட்டில் முத்திரை விழுந்திருந்தது. வேலையோ முழுமையாகச் செய்யப்படவில்லை. ஏடு எழுதும் என் போன்றவன் நடுங்கவேண்டிய செய்தி இது. தொழிலாளர் யாவரும் மாசற்றவர் என்று வாதாட நான் வரவில்லை.

1979-ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோவில் மற்றொரு டி.ஸி.-10-இன் இயந்திரம் கழன்று விழுந்து 273 பேர் மாண்டனர். விமானத்தை வைத்திருந்தவர்கள் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய முறை தவறானது என்று விசாரணையில் வெளியாயிற்று. ஆயினும் ஐந்து வாரத்துக்கு மேல் அவ்வகை விமானங்கள் அனைத்தும் அமெரிக்காவில் தரையிலே நிறுத்தப்பட்டன. ஜனங்கள் காரணத்தை ஆராயவில்லை. பெயரை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டனர்.

1991-இல் ஸோவியத் யூனியன் கலைந்தது. படைச் செலவு சுருங்கவே, தெற்குக் கலிபோர்னியாவின் விமான ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாடின. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மக்டானல் டக்ளஸ் கம்பெனியைப் போயிங் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நெடுநாள் போட்டியாளனே வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான். தன் விமானத்தோடு போட்டியிடும் விமானத்தை எந்த முதலாளிதான் நெடுநாள் செய்வான்? பழைய வகைகள் 2001-க்குள் நின்றன. 717 என்று புதுப்பெயர் சூட்டப்பட்ட ஒன்று மட்டும் எஞ்சியது. சிறிய தூரத்துக்கு ஏற்ற நல்ல விமானம் அது. ஆனால் 156 செய்ததோடு 2006-ஆம் ஆண்டு மே மாதம் அதுவும் நின்றது. அவற்றுள் பல 2020-க்குப் பின்னும் பறந்துகொண்டிருந்தன.

பின்னர் மிஞ்சியது ஸி-17 என்ற இராணுவச் சரக்கு விமானம். டாங்கிகளைச் சுமந்துசென்று குறுகிய திடலில் இறங்கும் ஆற்றலுடைய அதனை இந்திய விமானப்படையும் 11 வாங்கிற்று. அமெரிக்க ஸர்க்கார் போதும் என்றதும், பிற நாட்டு ஆர்டர்களை நம்பிச் சில காலம் ஓட்டினார்கள். 2013-இல் முடிவு அறிவிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கடைசி ஸி-17 லாங் பீச்சை விட்டுப் பறந்தது. மொத்தம் 279. அத்துடன் அந்நகரில் பெரிய விமானங்கள் செய்யும் தொழில் முக்கால் நூற்றாண்டோடு முற்றிற்று.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இங்கே குற்றவாளி யார்? கடைசியில் நின்ற இரண்டு விமானங்களும் மட்டமானவை அல்ல. செய்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர். பாரிஸ் விபத்துக்குப் பின்னும் ஆலை நாற்பது ஆண்டு நடந்தது. எனவே தொழிலாளியின் பிழை அதை மூடவில்லை. ஒருமுறை யுத்தம் முடிந்தது. ஒருமுறை பணம் முடங்கிற்று. ஒருமுறை இரு முதலாளிகள் ஒரே சந்தைக்கு மோதினர். ஒருமுறை சொந்தக்காரன் மாறினான். இவற்றுள் எதுவும் தறையாணி அடித்தவனைக் கேட்டு நடந்ததன்று. அத்தொழிலாளர்க்குச் சங்கம் இருந்தது. கூலியைப் பற்றிப் பேச அதற்கு இடம் இருந்தது. எந்த விமானத்தைச் செய்வது, எதை நிறுத்துவது என்று முடிவுகட்டிய மேசையிலோ அதற்கு நாற்காலி இல்லை. இலாபத்தில் பங்கு அற்பம், நஷ்டத்தில் பங்கு முழுமை என்ற இந்த நியாயத்தையே நான் கண்டிக்கிறேன்.

அந்த இடம் இன்று பாழாய்க் கிடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 717 செய்த கூடத்துக்கு ஒரு மோட்டார்க் கம்பெனி வந்தது. ஸி-17 செய்த கூடத்தை ராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்று 2021-இல் எடுத்துக்கொண்டது. இதனால் நகரத்தார் மீண்டும் நம்பிக்கை கொண்டனர். ஆனால் அந்நகரில் ராக்கெட் தொழில் நடத்திய வர்ஜின் ஆர்பிட் கம்பெனி 2023-இல் திவாலாயிற்று. புதுவித விமானம் அமைக்க முனைந்த ஜெட்ஜீரோ என்ற லாங் பீச் கம்பெனியோ, தன் பெரிய ஆலையை வட கரோலினா மாகாணத்தின் கிரீன்ஸ்பரோவில் கட்டப்போவதாக 2025-இல் அறிவித்தது. அறிவு பிறப்பது ஓரிடம், கூலி விழுவது மற்றோரிடம் என்றாயிற்று.

பழைய ஆலைக் கட்டடத்தின் மீது, டி.ஸி. ஜெட்டில் பறவுங்கள் என்று அழைக்கும் பெரிய விளக்குப் பலகை ஒன்று உண்டு. ஞாபகச் சின்னமாக அதைக் காப்பாற்றினார்கள். நல்லதே. ஆனால் பலகையைக் காப்பதற்குக் காட்டிய கருத்தை, அதன் கீழே உழைத்த கைகளின் வித்தையைக் காப்பதற்கும் காட்டியிருந்தால் எவ்வளவு மேன்மையாயிருக்கும்! ஆலை மூடுமுன்பே மாற்றுத் தொழிற் பயிற்சி, ஒரே எஜமானனை நம்பாத நகர அமைப்பு, முடிவுகட்டும் மேசையில் தொழிலாளிக்கு ஓர் ஆசனம் ஆகிய இம்மூன்றும் கருணையாகக் கேட்கவேண்டியவை அல்ல, உரிமையாகக் கேட்கவேண்டியவை. கேட்கவேண்டிய காலமும் ஒன்று உண்டு. ஆர்டர்கள் குவிந்து, ஆலையில் விளக்கு அணையாமல் எரியும் காலமே அது. கடைசி விமானம் வானேறிய பிறகு கேட்பவனுக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்.