ஏவுவது யார்? உரையாடற் பெட்டியின் தமிழ்

கணினித் திரையில் திடீரெனத் தோன்றி நம்மிடம் விடை கேட்கும் சிறு சாளரத்தை உரையாடற் பெட்டி என்கிறோம். அதிலுள்ள பொத்தான்களுள் ஒன்று முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். வாசகத்தைப் படிக்காமல் விசையைத் தட்டினால் அதுவே நம் விடையாகிவிடும். இதுவே இயல்பிருப்பு.

இப்பெட்டியின் வரலாற்றில் சொற்சிக்கல் தொடக்கத்திலேயே எழுந்தது. 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கியபோது, இசைவுப் பொத்தானில் 'செய்' எனப் பொருள்படும் 'டூ இட்' என்னும் தொடரைப் பொறித்தனர். சோதனையில் ஒருவர் அதை 'டோல்ட்', அதாவது மூடன், எனப் படித்து மனம் நொந்தார். அதன்பின்னரே அவ்விடத்தில் 'ஓகே' அமர்ந்தது.

தமிழ் இப்பெட்டிக்குள் நுழையக் காலம் பிடித்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, கணினியில் தமிழ் எழுத வழிசெய்தது. நிரலின் வாசகங்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து மொழிபெயர்க்க உதவும் ஜிஎன்யு கெட்டெக்ஸ்ட் 1995இல் வந்தது. அவ்வழியில் கேடிஇ, குனோம் போன்ற கட்டற்ற மேசைத்தளங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினர்.

அங்கே இலக்கணம் குறுக்கிட்டது. கோப்பின் பெயரோடு நிரல் 'ஐ' உருபை ஒட்டினால் 'கடிதத்தை' என வாராது. 'கடிதம்ஐ' என்றே வரும். "'கடிதம்' என்னும் கோப்பைச் சேமிக்கவா?" என்று தொடரை மாற்றினால் சிக்கல் தீர்கிறது.

இதனினும் நுட்பமானது ஏவல். கோலா கிளாவாங் முதலிய நெகிரி செம்பிலான் ஊர்களின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், பெரட்டுக் களத்தில் கங்காணியின் 'போ', 'வெட்டு' என்னும் ஏவல்களைக் கேட்டுப் பழகியவர்கள். யார் யாரை ஏவுகிறார் என்பதை வினைமுற்றிலேயே உணர்த்துவது தமிழ். பொத்தானில் 'சேமி' என்று இருப்பது தகும். அது கணினிக்கு மனிதர் இடும் ஏவல். 'கோப்பைத் தேர்ந்தெடு' எனக் கணினி நம்மிடம் கூறுவது தகாது. 'தேர்ந்தெடுக்கவும்' என்பதே முறை. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வடிவம் போதும், தமிழில் போதாது.

ஆசிரியர்கள் லிபரே ஆபிஸ் போன்ற மென்பொருளில் தமிழ் மொழித்தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் முகப்பு மொழியைத் தமிழாக்கலாம். பெட்டி தோன்றும்போது மாணவர் வாசகத்தை உரக்கப் படிக்கட்டும். பேசுவது யார், ஏவப்படுவது யார் எனக் கண்டறிந்தபின் பொத்தானை அழுத்தட்டும். பிறர் வகுத்த இயல்பிருப்பை ஏற்பதா, மாற்றுவதா என்னும் முடிவு அப்பொழுதுதான் அவர்களுடையதாகும்.